ஆரோனின் கோலும் அரசனின் செப்பேடும்: யூத மரபில் குலவழித் தலைமை பற்றிய ஒரு திறனாய்வு

போதகர் ஒருவரின் மகன் குருப்பட்டம் பெறும் நாளில், ‘லேவி கோத்திரம் தழைக்கிறது’ என்று வாழ்த்துவது நம் சபைகளில் வழக்கமாகிவிட்டது. வாழ்த்தாக நிற்கும்வரை அதில் குற்றம் காண நாம் விரும்பவில்லை. தகப்பன் செய்த ஊழியத்தை மகன் விரும்பி ஏற்பது மகிழ்ச்சிக்குரியதே. ஆனால் வாழ்த்து வாதமாக மாறும்போது நாம் நின்று சிந்திக்க வேண்டும். தகப்பன் நிறுவிய சபையின் பிரசங்க பீடமும் நிலமும் கட்டடமும் அறக்கட்டளையும் ஒருங்கே மகனுக்குச் செல்கின்றன. பேராயங்களிலும் சபைக் குழுக்களிலும் சில குடும்பங்களின் பெயர்களே தலைமுறைதோறும் திரும்பத் திரும்ப வருகின்றன. காரணம் கேட்டால் ஆரோனையும் தாவீதையும் காட்டுகிறார்கள். ‘தேவன் குடும்பத்தையே தெரிந்துகொள்கிறார், யூத மரபு முழுவதும் அதற்குச் சாட்சி’ என்கிறார்கள்.

யூத மரபு உண்மையில் இப்படித்தான் சாட்சி கூறுகிறதா என்பதே நம் கேள்வி. இதற்கு விடை காண இரண்டு ஆவணங்களை அருகருகே வைத்து வாசிக்க முற்படுகிறோம். ஒன்று, ஆரோனின் வமிசத்திற்குத் தோரா வழங்கும் பொறுப்பு. மற்றொன்று, நம் நாட்டில், சேர மன்னன் ஒருவன் யூதத் தலைவர் ஒருவருக்கு வழங்கிய செப்பேடு. இரண்டும் குலவழி உரிமையைப் பற்றியவையே. ஆயினும் இரண்டும் வழங்கும் உரிமை ஒன்றல்ல.

1. ஆரோன் பெற்றதும் பெறாததும்

ஆசாரியத்துவம் குலவழிப்பட்டது என்பதை மறைக்க வேண்டியதில்லை. ஆரோனின் புத்திரரே பலிபீடத்தண்டை சேரலாம் என்பது தோராவின் தெளிவான விதி. பாபிலோனிலிருந்து திரும்பியவர்களுள் தங்கள் வமிச அட்டவணையைக் காட்ட இயலாத ஆசாரியக் குடும்பங்கள் பணியினின்று விலக்கப்பட்டன (எஸ்றா 2:61–63). இக்கண்டிப்பை நாம் மென்மைப்படுத்த முயல்வது நேர்மையாகாது.

ஆயினும் அக்குலம் பெற்றது என்ன என்று கேட்க வேண்டும். பரிசுத்த ஸ்தலத்தின் அக்கிரமத்தைச் சுமக்கும் பொறுப்பே முதலில் கூறப்படுகிறது (எண். 18:1). காணிக்கைகளில் பங்கு உண்டு. பிழைப்புக்கு வழி உண்டு. ஆனால் தேசத்தில் நிலப்பங்கு இல்லை (எண். 18:20). மற்றக் கோத்திரங்களுக்கு யோசுவா நிலத்தை அளந்து கொடுத்தபோது லேவி கோத்திரத்துக்கு அளந்து கொடுக்கப்படவில்லை, குடியிருக்கப் பட்டணங்களும் மந்தைகளுக்கு வெளிநிலங்களும் மட்டுமே கிடைத்தன (யோசுவா 13:33, 14:4). நம் பழைய மொழிபெயர்ப்பில் ‘சுதந்தரம்’ என்னும் சொல் உரிமைச் சொத்தைக் குறிக்கிறது. அப்பொருளில் நோக்கினால், ஆரோனின் வீட்டாருக்குச் சுதந்தரமாகக் கிடைத்தது ஆண்டவரேயன்றி நிலமன்று. துக்கம் கொண்டாடுவதிலும் திருமணத்திலும் மற்றவர்க்கு இல்லாத தடைகள் அவர்களுக்கு உண்டு (லேவி. 21). நாதாபும் அபியூவும் ஆரோனின் பிள்ளைகளாயிருந்ததே அவர்களைக் காக்கவில்லை (லேவி. 10).

துளிர்த்த கோலின் நிகழ்ச்சியையும் இங்கு நினைவுகூர வேண்டும் (எண். 17). ஆரோனின் வமிசமே தெரிந்துகொள்ளப்பட்டது என்பதற்கு அதுவே சான்றாகக் காட்டப்படுகிறது. ஆனால் கோல் என்பது வேரிலிருந்து வெட்டப்பட்ட மரம். அது பூத்தது தன் மரத்தின் சத்தினால் அன்று. குலவழி உரிமைக்கான அடையாளமே, உயிர் குலத்திலிருந்து வருவதில்லை என்றும் போதிக்கிறது.

தலைமையின் மற்ற வடிவங்களில் திருமறை இன்னும் கண்டிப்பாயிருக்கிறது. மோசேக்கு இரண்டு குமாரர் இருந்தனர். ஆனால் கைகள் வைக்கப்பட்டது நூனின் குமாரனாகிய யோசுவாவின்மேல் (எண். 27:18–23). மோசேயின் பிள்ளைகள் பிற்காலத்தில் சாதாரண லேவியராகவே எண்ணப்பட்டார்கள் (1 நாளா. 23:14). நியாயாதிபதிகள் 18:30 இதைவிடக் கசப்பான செய்தியைத் தருகிறது. தாண் கோத்திரத்தார் வைத்துக்கொண்ட விக்கிரகத்துக்கு ஆசாரியனாயிருந்த யோனத்தான் யாருடைய வழித்தோன்றல்? எபிரெய மூலத்தில் ‘மோசே’ என்னும் பெயரின் நடுவே ‘நூன்’ என்ற எழுத்து சற்று உயர்த்தி எழுதப்பட்டு, அப்பெயர் ‘மனாசே’ என்று வாசிக்கப்படுகிறது. நம் பழைய தமிழ் மொழிபெயர்ப்பும் மனாசே என்றே கூறுகிறது. மோசேயின் பேரன் விக்கிர ஆசாரியனானான் என்று உரக்க வாசிக்க மனம் துணியாத எழுத்தர்கள் அவ்வெழுத்தைச் செருகினர். ஆனால் அதை வரிக்கு மேலே தூக்கி வைத்து, செருகியதை மறைக்காமலும் விட்டனர். மேன்மக்களின் குடும்ப மானத்தைக் காக்கும் ஆசையும் உண்மையை அழிக்க அஞ்சும் பயமும் ஒரே எழுத்தில் சந்திக்கின்றன!

ஏலியின் வீடு தள்ளப்பட்டது, அவனுடைய இடத்தில் எழும்பிய சாமுவேலும் தன் குமாரரை நியாயாதிபதிகளாக்கினான், அவர்களோ பரிதானம் வாங்கினார்கள் (1 சாமு. 8:1–3). ஏலியின் வீட்டுக்கு நேர்ந்ததை இளமையிலேயே அறிந்திருந்தவனே சாமுவேல். பிள்ளைப்பாசம் தீர்க்கதரிசியின் கண்ணையும் மறைக்கும் என்பதைத் திருமறை ஒளிக்கவில்லை.

2. ரபிகளின் தீர்ப்பு

கி.பி. 70இல் எருசலேம் தேவாலயம் அழிந்தபின், ஆசாரியக் குலம் பணியற்ற குலமாயிற்று. யூத சமயம் வேதபாடத்தைச் சுற்றித் தன்னைக் கட்டிக்கொண்டது. அப்போது குலவழித் தலைமை பற்றி எழுந்த சிந்தனையை நம் இறையியல் மாணவர்கள் கூர்ந்து கற்க வேண்டும்.

மிஷ்னாவின் ‘பிதாக்களின் நெறி’ மூன்று கிரீடங்களைப் பற்றிப் பேசுகிறது: வேதத்தின் கிரீடம், ஆசாரியத்துவத்தின் கிரீடம், அரசின் கிரீடம். பின்னைய இரண்டும் ஆரோனுக்கும் தாவீதுக்கும் உரியவை என்றும், முதலாவது எவர் வேண்டுமானாலும் வந்து எடுத்துக்கொள்ளக் கிடப்பது என்றும் ரபிகள் விளக்கினர். ‘ஹோராயோத்’ பகுதி இதனினும் துணிந்து தீர்ப்புக் கூறுகிறது. முறையற்ற பிறப்புடையவன் வேதம் கற்றவனாயிருந்தால், கல்லாத பிரதான ஆசாரியனைவிட அவனே முந்தியவன். குலத்தூய்மையைப் பத்து வகையாகப் பிரித்து எழுதிவைத்த அதே மிஷ்னாவில்தான் இத்தீர்ப்பும் உள்ளது.

தால்மூத் தரும் ஒரு நிகழ்ச்சி குறிப்பிடத்தக்கது. பாவநிவாரண நாள் முடிவில் பிரதான ஆசாரியனைப் பின்தொடர்ந்து சென்ற ஜனங்கள், மதம் மாறிய புறஜாதியாரின் வழியில் வந்த ஷெமாயா, அப்தாலியோன் என்னும் ஆசிரியர்களைக் கண்டதும் அவர்களைப் பின்பற்றத் தொடங்கினர். சினங்கொண்ட ஆசாரியன் அவர்களது பிறப்பைச் சுட்டி இகழ்ந்தான். அவர்களோ, ஆரோனின் செயலைச் செய்யும் புறஜாதியாருக்கே சமாதானம், ஆரோனின் செயலைச் செய்யாத ஆரோன் மகனுக்கு அது இல்லை என்னும் கருத்துப்பட விடையிறுத்தனர்.

ஆயினும் ரபிகளின் உலகம் குலப்பெருமையினின்று முற்றிலும் விடுபட்டதன்று. நாசி என்னும் தலைமைப் பதவி ஹில்லேலின் வீட்டில் தலைமுறைகளாக நின்று, ஐந்தாம் நூற்றாண்டின் முற்பகுதியில் முடிவுற்றது. இரண்டாம் கமாலியேல் பதவியிலிருந்து இறக்கப்பட்டபோது, கல்வியில் சிறந்த அகிபா அவருக்குப்பின் அமர்த்தப்படவில்லை. முன்னோரின் புண்ணியம் அவருக்கு இல்லை என்பதே காரணம். எஸ்றாவின் பத்தாந் தலைமுறையினராகிய இளைஞர் எலெயாசர் பென் அசரியா தெரிந்துகொள்ளப்பட்டார். பன்னிரண்டாம் நூற்றாண்டில் மைமோனிதேஸ், இஸ்ரவேலின் பொறுப்புகள் தகப்பனிடமிருந்து மகனுக்குச் செல்லும் என்று விதித்துவிட்டு, மகன் ஞானத்திலும் தேவபயத்திலும் தகுதியுடையவனாயிருந்தால் என்ற நிபந்தனையையும் சேர்த்தார். பதினெட்டாம் நூற்றாண்டில் கிழக்கு ஐரோப்பாவில் தோன்றிய ஹசித இயக்கத்தில், பாஅல் ஷேம் தோவுக்குப்பின் தலைமையேற்றவர் அவருடைய மகன் அல்லர். மெஸ்ரிச் ஊரின் தோவ் பேர் என்னும் சீடர். ஆனால் அடுத்தடுத்த தலைமுறைகளில் அவ்வியக்கமே பல அரச வமிசங்களைப்போல் ஆகிவிட்டது.

ஆகவே யூத மரபு குலவழித் தலைமைக்கு ஒரே குரலில் சாட்சி கூறவில்லை. அம்மரபுக்குள் ஒரு நீண்ட வழக்கு நடந்துகொண்டிருக்கிறது. ஒரு பக்கத்தின் வாதத்தை மட்டும் எடுத்து, அதையே தீர்ப்பென்று கூறுவோர் அம்மரபை அறியாதவர்.

3. முயிரிக்கோட்டுச் செப்பேடு

இவ்வழக்கு நம் நாட்டிலும் நடந்தது. கொச்சி மட்டாஞ்சேரியில் 1568ஆம் ஆண்டு கட்டப்பட்ட பரதேசி யூதரின் ஜெப ஆலயத்தில் பாதுகாக்கப்பட்டுவந்த செப்பேடு அதற்கு முதற் சான்று. வட்டெழுத்தில், இடையிடையே கிரந்த எழுத்துகளுடன், தமிழினின்று மலையாளம் பிரிந்துகொண்டிருந்த காலத்துச் சேர நாட்டு மொழியில் அது எழுதப்பட்டுள்ளது. யூதரின் மரபு அதை நான்காம் நூற்றாண்டுக்கு உரியதென்று போற்றியது. ஆய்வாளர் இன்று அதை கி.பி. 1000ஆம் ஆண்டையொட்டியது என்று கொள்கின்றனர். பாஸ்கர இரவிவர்மன் முயிரிக்கோட்டில் தங்கியிருந்தபோது இசுப்பு இரப்பான், அதாவது யோசேப்பு ரப்பான், என்பவருக்கு அதை வழங்கினான்.

வழங்கப்பட்டது அஞ்சுவண்ணமும் எழுபத்திரண்டு உரிமைகளும். சுங்க வருவாய், பகல் விளக்கு, நடைபாவாடை, பல்லக்கு, குடை, முரசு, எக்காளம், தோரணம் முதலியன அவற்றுள் அடங்கும். அரண்மனைக்கு மற்றவர் செலுத்தும் வரியை அவர் செலுத்த வேண்டியதில்லை. இவை அவருக்கும் அவருடைய ஆண்மக்களுக்கும் பெண்மக்களுக்கும் மருமக்களுக்கும், பெண்மக்களை மணந்தோருக்கும், உலகமும் சந்திரனும் நிலைக்கும் காலம் வரை உரியவை. அஞ்சுவண்ணம் என்பது ஒரு சிற்றரசு என்று முன்னர்க் கருதப்பட்டது. அது மேற்காசிய வணிகரின் கழகம் என்பது பின்னைய ஆய்வாளர் பலரின் முடிவு. ஆகவே யோசேப்பு ரப்பானை அரசர் என்பதைவிட வணிகத் தலைவர் என்பதே பொருந்தும்.

திறனாய்வு நோக்கில் மூன்று செய்திகளைக் காண்கிறோம். முதலாவது, மருமக்களும் மகளின் கணவரும் வாரிசுகளாகக் கூறப்படுவது தோராவின் வழக்கன்று. சேர நாட்டு வழக்கு. இரண்டாவது, இத்தலைமைக்குரிய கடமை எதுவும் ஏட்டில் கூறப்படவில்லை. வேதம் கற்பித்தல், ஏழைகளைத் தாங்குதல், நியாயம் விசாரித்தல் ஆகியவற்றைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மூன்றாவது, ஆரோனுக்கு மறுக்கப்பட்ட யாவும் இங்கு வழங்கப்படுகின்றன. அங்கே நிலம் இல்லை. இங்கே வருவாய் உண்டு. அங்கே சுமை; இங்கே பல்லக்கு. மன்னனின் ஆவணத்தில் வேறொன்றை எதிர்பார்ப்பது தவறு என்று கூறலாம். உண்மைதான். அந்த ஆவணத்தையே தெய்வீகத் தெரிவுக்குச் சான்றாக ஒரு சமுதாயம் பற்றிக்கொண்டால் என்ன நேரும் என்பதே நம் கவலை.

4. கொச்சியில் நேர்ந்தது

யோசேப்பு ரப்பானின் வழியில் வந்த சகோதரர் இருவர் தலைமைக்காகப் பிணங்கியதே கொடுங்கல்லூர்ச் சமுதாயத்தின் வீழ்ச்சிக்குக் காரணம் என்பது கொச்சி யூதரின் வாய்மொழி மரபு. பின்னர்க் கொச்சி மன்னரின் காலத்தில் யூதத் தலைவருக்கு ‘முதலியார்’ என்னும் பட்டம் வழங்கப்பட்டு, அதுவும் குடும்ப வழியில் சென்றது. செப்பேட்டின்மேல் மலபார் யூதரும், பிற்காலத்தில் வந்து குடியேறிய பரதேசி யூதரும் உரிமை பாராட்டினர்.

இதைவிட வருந்தத்தக்கது வேறொன்று. ‘மெயுகசீம்’ என்னும் எபிரெயச் சொல்லுக்குக் குலவழி சான்றுடையோர் என்பது பொருள். எஸ்றாவின் காலத்தில் ஆசாரியரைப் பிரித்தறிய எழுந்த இக்கருத்து, சாதி வேரூன்றிய மண்ணில் ஒரு சுவராயிற்று. விடுதலை பெற்ற அடிமைகளின் வழியினர் ‘மெஷுக்ராரீம்’ எனப்பட்டனர். பரதேசி ஜெப ஆலயத்தில் அவர்கள் மற்றவரோடு சமமாக அமர இயலாது. வேதத்தை வாசிக்க அழைக்கப்படுவதில்லை. திருமண உறவும் மறுக்கப்பட்டது. இத்தகைய பிரிவினை பற்றிப் பதினாறாம் நூற்றாண்டிலேயே கொச்சியிலிருந்து கெய்ரோவில் இருந்த ரபி தாவீது இப்னு சிம்ராவுக்குக் கேள்வி அனுப்பப்பட்டது. முறைப்படி ஸ்நானம் பெற்றபின் அவர்கள் இஸ்ரவேலரே, அவர்களோடு மண உறவு கொள்ளலாம் என்று அவர் தீர்ப்பளித்தார். அக்காலத்து யூதச் சட்ட அறிஞருள் தலைசிறந்தவரின் தீர்ப்பு அது. ஆயினும் ஊர்வழக்கு அதை மேற்கொண்டது. ‘எங்கள் மரபு’ என்று ஒரு சமுதாயம் கூறும்போது, அது தன் வேதத்தின் மரபா, தன் தெருவின் மரபா என்று கேட்கப் பழக வேண்டும்.

அவ்வழியினருள் 1882இல் பிறந்த ஆபிரகாம் பராக் சேலம், சட்டம் பயின்று வழக்கறிஞராகி, கொச்சி சட்டசபையிலும் உறுப்பினரானார். வெளியே சட்டம் இயற்றும் அவையில் இருக்கை பெற்ற அவருக்குத் தம் ஜெப ஆலயத்தில் சமமான இருக்கை இல்லை. ஆலயத்தை விட்டுப் பிரிந்து போகாமல், காந்தியடிகளின் சத்தியாக்கிரக வழியில் அதற்குள்ளேயே இருந்து போராடினார். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் தடைகள் ஒவ்வொன்றாக விலகின. 1967இல் அவர் காலமானபோது அச்சமுதாயத்தில் பெரும்பாலோர் இஸ்ரவேல் நாட்டுக்குச் சென்றுவிட்டிருந்தனர். சந்திரன் நிலைக்கும் வரை என்று எழுதப்பட்ட ஏடு இன்றும் இருக்கிறது. குடை பிடிக்க ஆளில்லை. 2017இல் இந்தியப் பிரதமர் இஸ்ரவேலுக்குச் சென்றபோது அச்செப்பேட்டின் பிரதியை அந்நாட்டுப் பிரதமருக்கு நினைவுப் பரிசாக வழங்கினார்.

5. நம் அருகே

சவ்வாது மலையடிவாரத்திலுள்ள சந்தவாசலைச் சுற்றி ஊழியம் செய்யும் நமக்கு இச்செய்தி தொலைவானதன்று. சந்தவாசலுக்கு அண்மையில் உள்ள படவேடு, ஒருகாலத்தில் சம்புவராயரின் தலைநகர். சந்திரரும் சூரியரும் உள்ளவரை என்று தானங்களுக்குக் கால வரம்பு குறித்த கல்வெட்டு மரபில் வந்தவர் அவர்களும். பதினான்காம் நூற்றாண்டில் விசயநகர இளவரசன் குமார கம்பணனின் படையெடுப்போடு அவ்வமிசத்தின் ஆட்சி ஒடுங்கியது. இவ்வட்டாரத்துச் சிற்றூர்ச் சபைகளிலோ, தாத்தா உபதேசியாராயிருந்த வீட்டுக்கே ஆலயத்தின் சாவி உரியது என்ற எண்ணம் இன்றும் வலுவாயிருக்கிறது. அவ்வீட்டார் செய்த தியாகத்தை எவரும் மறுப்பதற்கில்லை; மழையிலும் வெயிலிலும் மலையேறி ஜெபம் நடத்தியவர்கள் அவர்கள். ஆனால் அண்மையில் விசுவாசத்துக்கு வந்த குடும்பத்தின் பிள்ளை, எவ்வளவு கற்றாலும், பாய் விரிக்கும் வேலைக்கே அழைக்கப்படுவதை நாம் கண்டிருக்கிறோம். அப்பிள்ளை தாழ்த்தப்பட்ட வகுப்பைச் சேர்ந்ததானால் நிலை இன்னும் கடினம். கொச்சியின் ‘மெயுகசீம்’ நம் நடுவிலும் உளர்.

குலவழியில் தொடரும் பணிக்கு வேறொரு எடுத்துக்காட்டும் இவ்வட்டாரத்தில் உண்டு. 1819இல் அமெரிக்காவிலிருந்து புறப்பட்டு இலங்கைக்கு வந்த மருத்துவர் ஜான் ஸ்கடரின் குமாரர் எழுவர் இந்தியாவில் ஊழியம் செய்தனர். 1853இல் ஆற்காடு மிஷனை நிறுவியவர்கள் அவர்களுள் மூவர். ஸைலஸ் ஸ்கடர் 1866இல் இராணிப்பேட்டையில் மருத்துவமனை தொடங்கினார். பேத்தி ஐடா ஸ்கடரோ, தமக்கு இந்நாட்டில் பணி வேண்டாம் என்றே முதலில் தீர்மானித்திருந்தார். திண்டிவனத்தில் ஒரே இரவில் மூன்று பெண்கள் பெண் மருத்துவர் இன்றிப் பிரசவத்தில் இறந்தது அவருடைய தீர்மானத்தை மாற்றியது. 1900இல் மருத்துவராகத் திரும்பி, 1918இல் வேலூரில் பெண்களுக்கான மருத்துவப் பள்ளியைத் தொடங்கினார். குடும்பம் அவருக்கு வழியைக் காட்டியது. ஆனால் அவரை அழைத்தது குடும்பம் அன்று, கதவைத் தட்டிய துன்பம். மிஷனெரிக் காலத்தில் இந்தியர் கைக்குத் தலைமை வரத் தாமதமானது என்னும் குறை உண்மையே. எனினும் அந்நிறுவனம் ஸ்கடர் குடும்பத்தின் சொத்தாகவில்லை. ஐடா உயிரோடிருக்கும்போதே, 1947இல், ஹில்டா லாசரஸ் என்னும் இந்தியப் பெண்மணி அதன் இயக்குநரானார். ஒரு குடும்பம் தன் பணியைப் பிறர் கையில் ஒப்படைக்க முடிந்ததே அதன் ஊழியத்துக்குச் சிறந்த சான்று.

இந்துக் கோயில்களில் அர்ச்சகர் பதவி குலவழியில் செல்வதைத் தமிழ்நாடு சட்டமன்றம் 1970இல் சட்டத் திருத்தத்தால் நீக்கியது. 1972இல் உச்ச நீதிமன்றம் சேஷம்மாள் வழக்கில் அத்திருத்தம் செல்லும் என்று தீர்ப்பளித்தது. அயலார் வீட்டுச் சீர்திருத்தத்தை மேடைகளில் புகழும் நாம், சட்டம் கேட்காத இடத்தில் சுவிசேஷம் கேட்கும் கேள்விக்கு என்ன விடை சொல்லப் போகிறோம்?

6. எபிரெயர் நிருபத்தின் தீர்வு

புதிய ஏற்பாடு வமிச வரலாற்றோடு தொடங்குகிறது என்பதை நாம் மறக்கவில்லை. ஆயினும் மத்தேயுவின் அட்டவணையில் மோவாபியப் பெண் ரூத்தும், எரிகோவின் ராகாபும் இடம்பெறுகின்றனர். குலத்தின் கதவு திறக்கப்பட்ட இடங்களை அவ்வட்டவணை பெருமையோடு காட்டுகிறது. ஆண்டவரின் சகோதரனாகிய யாக்கோபு எருசலேம் சபையை நடத்தினார்; அவருக்குப்பின் உறவினராகிய சிமியோன் பொறுப்பேற்றார் என்று சபை வரலாறு கூறுகிறது. இரத்த உறவு தலைமை வமிசமாகும் வாய்ப்பு அங்கே இருந்தது. திருச்சபை அவ்வழியில் செல்லவில்லை.

எபிரெயர் நிருபம் இதன் காரணத்தை விளக்குகிறது. நம் பிரதான ஆசாரியர் லேவியின் கோத்திரத்தில் தோன்றவில்லை, ஆசாரியத்துவத்தைப் பற்றி மோசே ஒன்றும் சொல்லாத யூதாவில் தோன்றினார் (எபி. 7:14). வமிச வரலாறு இல்லாத மெல்கிசேதேக்கே அவருக்கு முன்னடையாளம். எனவே லேவி கோத்திரத்தைக் காட்டித் தன் பீடத்துக்கு உரிமை கோருவோர், கிறிஸ்துவின் ஆசாரியத்துவத்துக்குப் புறம்பான வாதத்தைப் பற்றிக்கொள்கிறார்கள்.

இதனால் குடும்ப விசுவாசம் வேண்டாம் என்று பொருளன்று. லோவிசாளிடமும் ஐனிக்கேயாளிடமும் இருந்த விசுவாசம் தீமோத்தேயுவில் தொடர்ந்தது (2 தீமோ. 1:5). அவன் பாட்டியிடமிருந்து பெற்றது விசுவாசம்; பதவியன்று. பதவிக்கு மூப்பரின் கைகளும் சபையின் சோதனையும் வேண்டியிருந்தன.

ஆகவே, ஊழியத்துக்கு முன்வரும் போதகர் வீட்டுப் பிள்ளையை நாம் ஐயத்தோடு நோக்க வேண்டியதில்லை. மற்ற எவரையும்போல் சோதித்தறிய வேண்டும். அவன் தகப்பனிடமிருந்து பெற விரும்புவது சுமையா, குடையா? நிலமும் கட்டடமும் நீக்கப்பட்டால் மிஞ்சும் பணியை அவன் விரும்புவானா? பாய் விரிக்கும் பிள்ளைக்கும் அதே பீடத்தின் வழி திறந்திருக்கிறதா? இக்கேள்விகளை அவனிடம் மட்டுமன்று, அவன் தகப்பனாராகிய நம்மிடமும் கேட்க வேண்டும். பிள்ளையை வாரிசாக்கும் ஆசை பெரும்பாலும் பிள்ளையிடம் பிறப்பதில்லை. சாமுவேலின் குமாரரைப் பெயெர்செபாவில் அமர்த்தியவன் சாமுவேலே.

நாம் விட்டுச் செல்லும் ஏட்டில் என்ன எழுதுகிறோம் என்பதை நம் சபைகள் ஒருநாள் வாசிக்கும். அதில் உரிமைகளின் பட்டியல் இருக்குமா, கடமைகளின் பட்டியல் இருக்குமா என்பதைத் தீர்மானிக்கும் பொறுப்பு, பணி ஓய்வு நாள் வரை காத்திராமல், இப்போதே நம்முடையது.